பேனா செய்வது பாதி வேலை

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவியாக இருந்த பாம் முல்லர், பேராசிரியர் டேனியல் ஓப்பன்ஹைமர் நடத்திய அறிமுக வகுப்பில் உதவியாளராக உட்காருவது வழக்கம். ஒருநாள் மடிக்கணினியை எடுத்துவர மறந்துவிட்டார். வேறு வழியில்லாமல் பேனாவும் தாளுமாகக் குறிப்பெடுத்தார். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அன்றைய பாடம் மற்ற நாட்களைவிட நன்றாக மனதில் தங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. அதைப் பேராசிரியரிடம் சொன்னார். பேராசிரியருக்கும் கிட்டத்தட்ட அதே அனுபவம். ஒரு கூட்டத்தில் எதிரே இருப்பவர் பேசப் பேச மடமடவென்று தட்டச்சு செய்துகொண்டே இருந்தவர், அவர் என்னதான் பேசுகிறார் என்பது தனக்குப் புரியவே இல்லை என்று திடீரென உணர்ந்திருக்கிறார்.

இருவரும் இதைச் சோதித்துப் பார்க்க இறங்கினார்கள். 2014இல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, குறிப்பெடுத்தல் பற்றி மிக அதிகமாகப் பேசப்பட்ட ஆய்வுகளில் ஒன்றாகிவிட்டது. கையால் எழுதினால்தான் மனதில் நிற்கும் என்று இன்று சொல்பவர்களில் பலர், தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கட்டுரையைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்த ஆய்வு உண்மையில் சொன்னது என்ன, அடுத்த பத்தாண்டுகளில் அதற்கு என்ன ஆனது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதைத் தெரிந்துகொண்டால், நோட்டுகள் நிரம்பி வழியும் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் எது தவறிப்போகிறது என்பதும் விளங்கும்.

முதல் சோதனையில் 67 பிரின்ஸ்டன் மாணவர்கள் கலந்துகொண்டார்கள். கால் மணி நேர அளவிலான 'டெட்' உரைகளைத் திரையில் பார்க்க வேண்டும். பாதிப் பேர் இணைய இணைப்பில்லாத மடிக்கணினியிலும் மீதிப் பேர் கையாலும் குறிப்பெடுக்க வேண்டும். அரை மணி நேரம் வேறு வேலைகளில் அவர்களை ஈடுபடுத்திவிட்டுப் பிறகு கேள்வி கேட்டார்கள். கேள்விகள் இரண்டு வகை. சிந்து நாகரிகம் ஏறத்தாழ எத்தனை ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பதுபோலத் தகவலைக் கேட்பவை ஒரு வகை. சமூகத்தில் சமத்துவத்தைக் கொண்டுவருவதில் ஜப்பானும் சுவீடனும் எப்படி வேறுபடுகின்றன என்பதுபோலக் கருத்தைக் கேட்பவை இன்னொரு வகை. தகவல் கேள்விகளில் இரு தரப்பும் சமமாகவே இருந்தார்கள். கருத்துக் கேள்விகளில் பேனா பிடித்தவர்கள் முந்தினார்கள்.

காரணம் அவர்களுடைய குறிப்புகளிலேயே இருந்தது. தட்டச்சு செய்தவர்கள் சராசரியாக 310 சொற்கள் எழுதியிருந்தார்கள். கையால் எழுதியவர்கள் 173 மட்டுமே. ஆனால் தட்டச்சுக் குறிப்புகளில் பேச்சாளரின் வாய்ச்சொற்கள் அப்படியே வரிசை மாறாமல் வந்த பகுதி ஏறத்தாழ 15 விழுக்காடு. கைக்குறிப்புகளில் அது 9 விழுக்காடு. விரல்கள் வேகமாக இருந்ததால் காதில் விழுந்ததெல்லாம் நேரே திரைக்குப் போயிருக்கிறது. அடுத்த சோதனை இன்னும் ருசியானது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் 151 பேரைச் சோதித்தபோது, மடிக்கணினிக்காரர்களில் ஒரு பிரிவினரிடம் மட்டும், சொன்னதைச் சொன்னபடி எழுதாமல் உங்கள் சொற்களில் எழுதுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். சொல்லியும் பயனில்லை. அவர்களும் அப்படியேதான் தட்டித் தள்ளினார்கள்.

அந்தக் கட்டுரை உலகமெங்கும் செய்தியானது. கதை அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

ஒரு சோதனையின் முடிவை நம்புவதற்கு முன்னால் வேறு யாராவது அதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்பது அறிவியலின் நல்ல பழக்கம். 2019இல் அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேலா மோர்ஹெட், ஜான் டன்லோஸ்கி, கேத்தரின் ராசன் மூவரும் அதைச் செய்தார்கள். முதல் ஆய்வில் தெரிந்த வேறுபாடு நிலையாக வெளிப்படவில்லை. குறிப்பே எடுக்காமல் சும்மா கேட்டுக்கொண்டிருந்த குழுகூட ஒரு சோதனையில் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. 2021இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெதர் அர்ரி தம் மாணவர்களையே சக ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டு 142 பேரிடம் மீண்டும் சோதித்தார். தட்டச்சு செய்பவர்கள் நிறைய எழுதுகிறார்கள், அப்படியே எழுதுகிறார்கள் என்ற பகுதி அச்சுப் பிசகாமல் திரும்ப வந்தது. தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

பிறகு 2024இல் ஏபிரகாம் ஃபிளானிகனும் அவருடைய குழுவினரும் கல்லூரி மாணவர்கள்மீது நடந்த 24 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிக் கணக்கிட்டார்கள். தராசு கையெழுத்தின் பக்கமே சாய்ந்தது. ஆனால் அந்தச் சாய்வு சிறியது: புள்ளியியல் அளவில் ஏறத்தாழ 0.25. நாளேட்டுத் தலைப்புகள் காட்டிய அளவுக்குப் பெரிய பாய்ச்சல் இல்லை. ஒதுக்கித் தள்ளும் அளவுக்குச் சின்னதும் இல்லை.

ஒரே கேள்விக்கு இப்படிப் பல விடைகள் வருவது ஏன்? விடை 1972லேயே ஓரளவுக்குக் கிடைத்துவிட்டது. டி வெஸ்டா, கிரே என்ற இரண்டு ஆய்வாளர்கள், குறிப்பு என்பது இரண்டு வேலைகளைச் செய்கிறது என்று அப்போதே பிரித்துக் காட்டினார்கள். எழுதும்போதே மனதில் பதியவைப்பது ஒன்று. பிற்பாடு எடுத்துப் பார்ப்பதற்காகச் சேமித்து வைப்பது மற்றொன்று. மடிக்கணினி சேமிப்பில் கெட்டிக்காரன். 310 சொற்கள் கைவசம் இருக்கின்றன. பதியவைப்பதில்தான் அது தடுமாறுகிறது. ஆகவே சோதனையில் எந்தக் கேள்வி கேட்கிறார்கள், குறிப்பைத் திரும்பப் பார்க்க நேரம் கொடுக்கிறார்களா, எத்தனை நாள் கழித்துக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறிக்கொண்டே போகிறது.

பதிகிற வேலை நடக்கும் இடம் எது? ஒரு சின்னக் கணக்கு. விரிவுரையாளர் ஒருவர் ஆங்கிலத்தில் நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் பேசுகிறார். குறிப்பெடுப்பவரின் கை அதே ஒரு நொடியில் கால் சொல் அளவுக்குத்தான் எழுதுகிறது. பத்துச் சொல் காதில் விழுந்தால் ஒன்றுதான் தாளுக்கு வரும். மீதி ஒன்பதைத் தள்ளியாக வேண்டும். எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்க, சொல்வது புரிய வேண்டும். எது முக்கியம், எது உதாரணம், எது சும்மா சொன்னது என்று பிரிக்க வேண்டும். அந்தச் சல்லடை ஓடிக்கொண்டே இருப்பதுதான் படிப்பு. கையின் மந்தம் ஒரு குறைபோலத் தெரிந்தாலும், மாணவரை யோசிக்கவைக்கிற நெருக்கடி அந்த மந்தத்திலிருந்துதான் வருகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். புவியியல் வகுப்பில் ஆசிரியர் பருவமழை நடத்துகிறார். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதம் கேரளக் கரையை எட்டுகிறது, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்பிக் குளிர்ந்து மழையாகப் பொழிகிறது, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது அதில் ஈரம் குறைந்துவிடுகிறது, அதனால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழைமறைவுப் பகுதியாகிறது. அக்டோபரில் காற்று திசை திரும்பி வடகிழக்கிலிருந்து வீசும்போது வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கிழக்குக் கரையில் கொட்டுகிறது, மாநிலத்தின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகிறார்.

இதை அப்படியே எழுத முயன்ற மாணவி, 'மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்பி' என்பதை முடிப்பதற்குள் ஆசிரியர் வங்கக் கடலுக்குப் போயிருப்பார். பக்கத்து இருக்கை மாணவி என்ன செய்கிறாள்? தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோணல் கோடு, அதுதான் மலை. இடப்பக்கத்திலிருந்து ஓர் அம்பு, 'தெ.மே. ஜூன்'. மலைக்கு இடப்புறம் நாலைந்து மழைக்கீற்றுகள். வலப்புறம் வெறுமை, அதில் 'மறைவு' என்று ஒரு சொல். வலப்பக்கத்து மேல் மூலையிலிருந்து இன்னோர் அம்பு, 'வ.கி. அக்–டிச', அதன் வாலில் ஓர் அலைக்குறி. கரையோரமாக '½'. மொத்தத்தில் பத்துச் சொல்கூட இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் போடுவதற்கு அவள் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மலை எங்கே குறுக்கே நிற்கிறது, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்பதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அம்பும் கோடும் விசைப்பலகையில் இல்லை. வரைபடமும் சமன்பாடும் வேதிவினையும் உள்ள பாடங்களில் பேனாவுக்கு இருக்கும் வசதியை யாரும் ஆய்வு செய்து நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை.

இப்போது நம் ஊர் வகுப்பறைக்கு வரலாம். இங்கே கையெழுத்துக்குப் பஞ்சமே இல்லை. வகுப்பு நோட்டு, வீட்டுப்பாட நோட்டு, தேர்வு நோட்டு, ரெக்கார்டு நோட்டு என்று ஒரு பள்ளிப் பிள்ளை ஆண்டு முழுவதும் எழுதிக் குவிக்கும் பக்கங்களை அடுக்கினால் அதன் முழங்கால் உயரத்துக்கு வரும். தப்பு செய்தால் இம்போசிஷன், நூறு தடவை. கல்லூரியிலும் பல வகுப்புகள் "எழுதிக்கோங்க" என்ற ஒரு சொல்லோடுதான் தொடங்குகின்றன. ஆசிரியர் தம் பழைய நோட்டைப் பிரித்து வைத்து, கமா, முற்றுப்புள்ளி உட்பட நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். பின்வரிசையிலிருந்து "சார், இன்னொரு தடவை" என்று குரல் வருகிறது. அவரும் பொறுமையாகத் திரும்பச் சொல்கிறார். மணி அடிக்கும்போது அறுபது நோட்டுகளில் ஒரே வாசகம்.

கையால் எழுதுவதே போதும் என்றால் இந்த மாணவர்கள் உலகத்திலேயே சிறந்து நிற்க வேண்டும். ஆனால் டிக்டேஷனில் நடப்பது என்ன? ஆசிரியர் தம் வேகத்தை மாணவரின் கையளவுக்குக் குறைத்துக்கொள்கிறார். பேச்சுக்கும் கைக்கும் நடுவே இருந்த இடைவெளி மூடிவிடுகிறது. தள்ள வேண்டிய ஒன்பது சொற்கள் அங்கே இல்லை. தேர்ந்தெடுக்கும் வேலையை ஆசிரியரே எப்போதோ ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிட்டார். மாணவரின் கை பேனா பிடித்திருந்தாலும் அது செய்வது பிரின்ஸ்டன் மாணவர்களின் மடிக்கணினி செய்த அதே வேலைதான்: காதில் விழுவதை அப்படியே இறக்கி வைப்பது. 2014 ஆய்வை வெளிநாட்டில் படித்தவர்கள் பேனாவைப் பாராட்டினார்கள். நாம் படிக்கும்போது நமக்கு உறைக்க வேண்டியது இந்த இடம்.

ஆசிரியர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. புத்தகத்தில் உள்ள சொல் விடைத்தாளில் இல்லையென்றால் மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம் இரு தரப்புக்கும் இருக்கிறது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஆங்கிலவழிக் கல்லூரிக்குள் நுழையும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, விரிவுரை முதல் ஆறு மாதம் வெறும் ஓசையாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளையிடம் நீயே குறிப்பெடு என்று விட்டுவிடுவதைவிட, சொல்லி எழுதவைப்பது ஒரு பரிவு. அந்தப் பரிவையும் இழக்காமல் அடுத்த படிக்குப் போக வழி உண்டு. ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் குறித்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர் வாய்விட்டு அனுமதி கொடுத்தால் போதும். ஒரு மொழியில் கேட்டு இன்னொரு மொழியில் எழுதுகிறவருக்கு அப்படியே இறக்கி வைக்க முடியாது. அர்த்தத்தைப் பிடித்தால்தான் எழுத முடியும். கலைச்சொல்லை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு, நடுவில் இருப்பதையெல்லாம் வீட்டில் பேசுகிற தமிழில் எழுதிக்கொள்ளும் மாணவர்களைப் பார்த்துச் சில ஆசிரியர்கள் முகம் சுளிப்பதுண்டு. அந்தப் பிள்ளைகள் செய்வதுதான் நல்ல குறிப்பு.

டிக்டேஷனுக்கு அடுத்தபடியாக வந்திருப்பது கைப்பேசி. கரும்பலகை நிறைந்ததும் பத்துக் கைப்பேசிகள் உயர்கின்றன. ஒரு சொடுக்கில் பாடம் முடிந்தது. 2014இலேயே லிண்டா ஹெங்கெல் என்ற உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்தில் இதைச் சோதித்திருக்கிறார். பொருள்களைப் பார்க்க மட்டும் செய்தவர்களைவிட, படமெடுத்தவர்களுக்கு அவற்றைப் பற்றிய நினைவு குறைவாக இருந்தது. கருவி நினைவில் வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் மனம் தன் வேலையை விட்டுவிடுகிறது என்று அவர் விளக்கினார். பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கேயும் 'எந்தப் பகுதி' என்ற தேர்வு நடந்திருக்கிறது.

போட்டித் தேர்வு மாணவர்களிடம் இதே இழப்பு வேறு உருவத்தில் இருக்கிறது. முதலிடம் பிடித்தவரின் கைக்குறிப்பு ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் போட்டுக் கிடைக்கிறது, பி.டி.எஃப். ஆக வாட்ஸாப்பில் சுற்றுகிறது. சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் இளைஞர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்த உழைப்பில் எவ்வளவு பங்கு இன்னொருவர் சல்லடை போட்டு எடுத்ததை மனப்பாடம் செய்வதில் போகிறது என்பதுதான் கவலை. டி வெஸ்டாவும் கிரேயும் சொன்ன இரண்டு வேலைகளில் ஒன்று அந்த முதலிடக்காரருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்கியவருக்குக் கிடைப்பது சேமிப்பு மட்டும்.

மூளையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடிவதில்லை என்பதால் அதையும் பார்த்துவிடலாம். 2024இல் நார்வேயின் டிரோண்ட்ஹைம் நகரில் 36 மாணவர்களின் தலையில் 256 உணரிகள் கொண்ட வலையை மாட்டிச் சோதித்தார்கள். தொடுதிரையில் மின்பேனாவால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவது தட்டச்சைவிட மிகுதியாகத் தெரிந்தது. 'கையால் எழுதினால் மூளை ஒளிர்கிறது' என்ற காணொளிகள் பல இதிலிருந்து வந்தவை. ஆனால் அந்தச் சோதனையில் தட்டச்சு ஒற்றை விரலால் செய்யப்பட்டது; எழுதியதை மாணவர்கள் பிறகு நினைவில் வைத்திருந்தார்களா என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. ஆகவே படிப்பைப் பற்றிய முடிவை அதன்மேல் கட்ட முடியாது.

சின்னப் பிள்ளைகளைப் பற்றிய ஆதாரம் இதைவிட உறுதியானது. 2005இல் பிரான்சில் மரியேக் லோங்காம்ப் குழுவினர் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 76 குழந்தைகளுக்கு எழுத்துகளைக் கற்பித்தார்கள். பாதிப் பேருக்குக் கையால், பாதிப் பேருக்கு விசைப்பலகையால். அவர்களில் சற்று மூத்த குழந்தைகளிடம், கையால் எழுதியவர்களே எழுத்துகளை நன்றாக இனம்கண்டார்கள். 2012இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் கேரின் ஜேம்ஸ், எழுத்தறியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் செய்த மூளைப்பட ஆய்வில், படிப்பதற்கு உதவும் பகுதிகள் தானாக எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்க்கும்போதுதான் விழித்துக்கொண்டன. புள்ளிக்கோட்டின் மேல் வரைந்ததோ விசையைத் தட்டியதோ அந்தப் பலனைத் தரவில்லை. குழந்தை எழுதும் ஒவ்வொரு 'அ'வும் ஒவ்வொரு மாதிரி கோணலாக வருகிறது. அத்தனை கோணலுக்கும் பொதுவாக இருப்பது எது என்று கண்டுகொள்வதில்தான் எழுத்து பிடிபடுகிறது என்பது அவருடைய விளக்கம்.

தமிழுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டி 'அம்மா' வரவழைக்கும் பிள்ளையின் விரல், தமிழ் எழுத்தின் வளைவை ஒருமுறைகூடப் போடுவதில்லை. ந, ன, ண மூன்றில் எது என்பதையும் ல, ள, ழ மூன்றில் எது என்பதையும் கைப்பேசியே முன்னால் நீட்டுகிறது. தொடக்கப் பள்ளியில் பலகையும் சிலேட்டும் நோட்டும் குறையக்கூடாது என்று வாதாட இதுவே போதுமான காரணம்.

தாள் இன்னொரு விதத்திலும் உதவுகிறது. "அது இடப்பக்கத்தில், கீழே, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது" என்று தேர்வறையில் கண்ணை மூடித் தேடாத மாணவர் யார்? 2021இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் குனியோஷி சகாயும் அவருடைய குழுவினரும் 18 முதல் 29 வயது வரையிலான 48 பேரிடம் ஓர் உரையாடலில் வரும் நாள் விவரங்களை நாட்காட்டியில் குறிக்கச் சொன்னார்கள். தாளில் குறித்தவர்கள் ஏறத்தாழ 11 நிமிடத்தில் முடித்தார்கள். மின்பேனாவும் டேப்லட்டும் வைத்திருந்தவர்களுக்கு 14, கைப்பேசிக்காரர்களுக்கு 16 நிமிடமானது. ஒரு மணி நேரம் கழித்து நினைவுகூரும்போது, நினைவோடும் இடத்தோடும் தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதி தாளில் எழுதியவர்களிடம் அதிகமாக இயங்கியது. தாளுக்கு மூலை உண்டு, மடிப்பு உண்டு, அடித்தல் திருத்தல் உண்டு. திரையில் பக்கம் உருண்டு போய்விடுகிறது.

மடிக்கணினியின் மிகப் பெரிய தீங்கு இவற்றிலெல்லாம் சேராதது: கவனச் சிதறல். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பொருளியல் பாடம் படித்த 726 மாணவர்களின் வகுப்புகளில் சிலவற்றில் கணினியை அனுமதித்து, சிலவற்றில் தடுத்து, பருவ இறுதித் தேர்வை ஒப்பிட்டார்கள். 2017இல் வெளியான முடிவு: கணினி அனுமதித்த வகுப்புகளின் மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது. கனடாவில் 2013இல் வெளியான ஆய்வு இன்னும் சங்கடமானது. வகுப்பில் கணினியில் வேறு வேலையும் பார்த்தவர்கள் மட்டும் பின்தங்கவில்லை. அவர்களுடைய திரை கண்ணில் படும்படி உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டிருந்தவர்களும் பின்தங்கினார்கள். இதற்காக ஒட்டுமொத்தத் தடை போடுவதும் சரியில்லை. எழுதுவதில் குறைபாடு உள்ளவர், கை நடுக்கம் உள்ளவர், பார்வை குன்றியவர் போன்றோருக்கு விசைப்பலகை ஓர் உரிமை. அவர்களைக் கேள்வி கேட்டுக் கூச வைக்காமல் அதைக் கொடுக்க வேண்டும்.

எழுதியாயிற்று. நோட்டை மூடி அடுக்கியாயிற்று. பேனா செய்யும் பாதி அங்கே முடிகிறது. மறுபாதியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். தேர்வு வந்ததும் நோட்டைத் திறந்து மஞ்சள் பேனாவால் கோடிட்டுக்கொண்டே நாலு தடவை வாசிக்கிறார்கள். படிக்கும் முறைகள் பத்தை எடுத்துக்கொண்டு 2013இல் டன்லோஸ்கி குழுவினர் மதிப்பிட்டபோது, கோடிடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் பயன் குறைந்தவை என்ற வரிசையில்தான் நின்றன. தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே நின்றன.

இதற்கு 2006இல் ரோடிகரும் கார்பிக்கும் செய்த சோதனையைவிடத் தெளிவான சாட்சி இல்லை. மாணவர்கள் இரண்டு பகுதிகளைப் படித்தார்கள். ஒன்றை மறுபடியும் படித்தார்கள். மற்றொன்றை, தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்த பகுதியில் 81 விழுக்காடு நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்த பகுதியில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்த பகுதியில் 42, எழுதிப் பார்த்த பகுதியில் 56. விடியற்காலையில் நாலு தடவை படித்துவிட்டுப் போய் அன்றைய தேர்வை எழுதிவிடலாம். அடுத்த ஆண்டு அதன்மேல் கட்டவேண்டிய பாடத்துக்கு அஸ்திவாரம் இருக்காது. நம் பிள்ளைகள் கல்லூரி முதலாண்டில் பள்ளிக் கணக்கை மறந்து திணறுவதன் ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் வகுத்த நோட்டு முறை இந்த இரண்டு பாதியையும் ஒரே தாளில் கொண்டுவருகிறது. இடப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கோடு. கீழே நாலு வரிக்கு ஒரு கோடு. பெரிய கட்டத்தில் வகுப்புக் குறிப்பு. அன்று மாலையே இடப்பக்க ஓரத்தில் கேள்விகளை எழுத வேண்டும். கீழே முழுப் பக்கத்தின் சாரத்தை இரண்டு வரியில். பருவமழைப் பக்கத்துக்கு அந்த மாணவி என்ன கேள்வி எழுதலாம்? 'ஜூனில் கேரளத்தில் கொட்டும்போது சென்னை ஏன் காய்கிறது?' 'மேற்குத் தொடர்ச்சி மலை இல்லாவிட்டால்?' பிறகு வலப்பக்கத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, இடப்பக்கக் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும். மறைக்கும் அந்தத் தாள்தான் இந்த முறையின் உயிர். கோடு போட்ட கார்னெல் நோட்டுகளைக் காசு கொடுத்து வாங்கி, இடப்பக்க ஓரத்தைக் காலியாகவே விட்டுவைத்தால் அது சாதாரண நோட்டுதான்.

தேர்ந்தெடுத்து எழுதுவதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. கும்பகோணத்திலும் சென்னையிலும் கணித மேதை ராமானுஜன் கணக்குப் போட்டது சிலேட்டில். தாள் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. போட்டதை முழங்கையால் அழித்து அழித்து மேலே போய், இறுதியில் கிடைத்த விடையை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள் அந்த நோட்டுகளில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை. புரூஸ் பெர்ன்ட் என்ற கணிதவியலாளர் அவற்றை ஒவ்வொன்றாக விளக்கி 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். ராமானுஜனின் மேதைமையை நோட்டுப் பழக்கத்தால் விளக்கிவிட முடியாது. ஆனாலும் அந்த நோட்டுகளைப் பார்க்கிற எவருக்கும் ஒன்று தெரியும்: அவை வேறு யாருக்காகவும் எழுதப்பட்டவை அல்ல. சிலேட்டில் நடந்த நீண்ட யோசனையின் முடிவில், எது தாளுக்குத் தகுதியானது என்று அவர் எடுத்த தீர்மானங்கள் அவை.

கலிபோர்னியா மாநிலம் 2023இல் ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை கூட்டெழுத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. சுவீடன் அதே ஆண்டில் பள்ளிகளைத் திரும்பவும் அச்சுப் புத்தகத்தின் பக்கம் திருப்பத் தொடங்கியது. நம் பள்ளிகள் பேனாவைக் கைவிடவே இல்லை. எனவே நாம் செய்ய வேண்டியது வேறு. 1987இல் ரூல், ஹியூஸ், ஷ்லாஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரு விரிவுரையின் நடுவே மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம், ஆசிரியர் பேச்சை நிறுத்திவிடுவார். மாணவர்கள் இருவர் இருவராகத் தங்கள் குறிப்புகளை ஒப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள். ஆசிரியர் குறுக்கிட மாட்டார். இடைநிறுத்தம் இல்லாமல் அதே பாடத்தைக் கேட்ட வகுப்பைவிட, அவர்கள் அன்றைக்கும் அதிகமாக நினைவுகூர்ந்தார்கள். 12 நாள் கழித்து வைத்த தேர்விலும் முன்னே நின்றார்கள்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், டேப்லட் வேண்டாம், அரசாணை வேண்டாம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர் யாராவது இருந்தால், நாளைக்கு ஒரே ஒரு வகுப்பில் பழைய நோட்டைப் பிரிக்காமல் பாடத்தைப் பேசிப் பாருங்கள். நடுவில் மூன்று முறை நிறுத்தி, அந்த ஆறு நிமிடத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். வகுப்பு முடிந்ததும் நாலு நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி இருக்காது.